இரண்டாவது நீர் மாத்திரையும் காலெக்டின்-3 என்ற புரதமும்

வாசகர் கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 61. இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் என்று எக்கோவில் சொன்னார்கள். சர்க்கரையும் உண்டு. தினமும் ஏழெட்டு மாத்திரை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் போன மாதம் பணம் கட்டி, வீட்டுக்கே ஆள் வரவழைத்து ஒரு பெரிய ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார். அதில் காலெக்டின்-3 என்று ஒன்று 24.6 வந்திருக்கிறது. 17.8-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டு, சிவப்பில் காட்டியிருக்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6. காலெக்டின்-3 இதயத்தில் தழும்பு உண்டாக்கும் புரதம், புற்றுநோயிலும் கூடும் என்று அண்ணன் இணையத்தில் படித்துவிட்டுச் சொல்கிறார். அதைக் குறைக்க ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் பொடி இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறார். அதை ஆரம்பித்ததும் அம்மா, "நீர் மாத்திரை எதற்கு இரண்டு?" என்று ஃப்ரூசமைடை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராமை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்குகிற மாதிரி இருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி அவ்வப்போது ஒரு மாத்திரையும் போடுகிறார். இந்தப் புரதம் ஆபத்தானதா? பொடியைத் தொடரலாமா?

இதய மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் புரதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 24.6 என்ற எண் இல்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள்: நிறுத்திய மாத்திரை, கால் வீக்கம், முழங்கால் வலி மாத்திரை. அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். நாளைக்கே ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிட்டு, இந்த வாரத்துக்குள் அம்மாவை அவருடைய இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் சொல்வதில்லை. அப்போது மருத்துவர், மாத்திரை போட்டும் கால் வீங்குகிறது என்று நினைத்து வேறு கணக்குப் போடுவார். அதுவரை நீங்களாக ஸ்பைரோனோலாக்டோனை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். படுத்தால் மூச்சு முட்டினாலோ, ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தாலோ, மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது அந்தப் புரதம்.

காலெக்டின்-3 நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. 1982-இல் எலியின் மேக்ரோபேஜ் செல்களின் மேல் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். மேக்ரோபேஜ் என்பது காயம் பட்ட இடத்துக்கு வந்து குப்பையை அள்ளும் பாதுகாப்புச் செல். அதனால் அப்போது இதற்கு மேக்-2 என்று பெயர். பிறகுதான், காலக்டோஸ் என்ற சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காலெக்டின் என்று ஆனது. நீரிழிவில் பேசும் சர்க்கரை இல்லை இது. நம் செல்களின் வெளிப்பரப்பில் மெல்லிய ரோமம் போல சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். காலெக்டின்-3 ஒரு முனையால் அந்தச் சங்கிலியைப் பிடிக்கும், மறு முனையால் தன்னைப் போன்ற மற்ற காலெக்டின்களோடு கோத்துக்கொள்ளும். இப்படி ஐந்து வரை சேர்ந்து செல்களின் மேல் ஒரு வலை பின்னிவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. செல்லை விட்டு வெளியே போகும் புரதங்களுக்குப் பொதுவாக "வெளியே அனுப்பு" என்று ஒரு முகவரிச் சீட்டு முன்னாலேயே ஒட்டியிருக்கும். காலெக்டின்-3-க்கு அந்தச் சீட்டே கிடையாது. இருந்தாலும் வேறு வழியாக வெளியேறி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது.

இதயத்தில் இதற்கு என்ன வேலை? மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப் போகிறது. மேக்ரோபேஜ்கள் வந்து அதை அகற்றும்போது காலெக்டின்-3-ஐச் சுரக்கின்றன. அது பக்கத்தில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை கொலாஜன் என்ற நாரை நெய்து ஓட்டையை அடைக்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் தழும்பு கட்டுவது போலத்தான். அந்தத் தழும்பு இல்லாவிட்டால் மாரடைப்பு வந்த இதயச் சுவர் தாங்காது. இந்தப் புரதம் அறவே இல்லாத எலிகளை வளர்த்து, அவற்றுக்கு மாரடைப்பை உண்டாக்கிப் பார்த்தபோது, தொடக்கத்தில் காயம் ஆறுவதே கெட்டுப்போனது. ஆகவே அண்ணன் நினைக்கிற மாதிரி இது உடம்புக்குள் புகுந்த எதிரி இல்லை. இரண்டு வருடம் முன்பு அம்மாவின் இதயத்தைத் தைத்துக் கொடுத்த கைகளில் இதுவும் ஒன்று.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காயம் ஆறிய பிறகும் வேலை நிற்காமல் போகும்போது. இதயம் பலவீனமாகி, அதன் மேல் அழுத்தம் தொடர்ந்து இருந்தால், நல்ல தசைக்கு நடுவிலும் நார் படியத் தொடங்கும். தசை விறைப்பாகும், விரிந்து சுருங்குவது குறையும். 2004-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்திலிருந்து வந்த ஒரு ஆய்வுதான் இதயத் துறையில் எல்லோரையும் இந்தப் புரதத்தின் பக்கம் திருப்பியது. உயர் ரத்த அழுத்தம் வரும்படி மரபணு மாற்றிய எலிகளில் சில சீக்கிரமே இதயச் செயலிழப்புக்குப் போயின, சில தாக்குப்பிடித்தன. செயலிழப்புக்குப் போன எலிகளின் இதயத்தில் மற்றவற்றைவிடப் பல மடங்கு கூடியிருந்தது காலெக்டின்-3. அதோடு விடாமல், நல்ல எலிகளின் இதய உறைக்குள் நான்கு வாரம் இந்தப் புரதத்தையே செலுத்திப் பார்த்தார்கள். கொலாஜன் கூடியது, பம்பிங் குறைந்தது. நான் படித்தவற்றில் மனதில் நிற்கும் ஆய்வுகளில் அது ஒன்று. அடையாளமாக மட்டும் இல்லாமல் வேலையிலும் இதற்குப் பங்கு இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் எலியில்.

அந்த ஆர்வத்தில்தான் ரத்தப் பரிசோதனை வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் அதை அனுமதித்தது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 17.8 என்ற எல்லை அங்கிருந்து வருவதுதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று கணக்கு. ஏற்கெனவே நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களை, யாருக்கு அதிகக் கவனம் தேவை என்று பிரிக்க வகுத்த எல்லை அது. 17.8-க்குக் கீழே ஒரு படி, 25.9 வரை ஒரு படி, அதற்கு மேல் ஒரு படி. அம்மா நடுப்படியில் இருக்கிறார். 2013-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனையை "செய்து பார்க்கலாம்" என்ற அளவில்தான் வைத்தது. அதாவது, வருமுன் ஆபத்தை எடைபோட ஒரு கூடுதல் துணை. எண்ணைப் பார்த்து மாத்திரையை மாற்று என்று அது சொல்லவில்லை. பம்பிங் 35 சதவீதம் என்று தெரிந்த ஒருவருக்கு, இதயத்தில் தழும்பு இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்வதில் புதிய சேதி அதிகம் இல்லை.

அப்புறம் கிரியேட்டினின். ரிப்போர்ட்டில் அது சிவப்பாகத் தெரிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. 61 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது ஜி.எஃப்.ஆர், ஏறக்குறைய 36. நல்ல நிலையில் 90-க்கு மேல் இருக்க வேண்டியது. காலெக்டின்-3 சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுகிறது. வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அது தங்கும், எண் ஏறும். எனவே 24.6-இல் எவ்வளவு இதயத்தின் பங்கு, எவ்வளவு சிறுநீரகத்தின் பங்கு என்று அந்தத் தாளை வைத்துப் பிரிக்க முடியாது. வயது கூடினாலும் இது கூடும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனாலும் எண் தப்பாகக் கூடிக் காட்டலாம். ஒரு கம்பெனியின் கருவியில் வந்த எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. ஆகவே மூன்று மாதம் கழித்து வேறு லேபில் பார்த்து, குறைந்ததா கூடியதா என்று பேசுவதில் பொருள் இல்லை.

புற்றுநோய் பயத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல கட்டிகளின் செல்களிலும் காலெக்டின்-3 காணப்படுவது உண்மை. தைராய்டு கட்டியிலிருந்து எடுத்த திசுவில் சாயமேற்றிப் பார்ப்பதற்குக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். அது திசுவில், நுண்ணோக்கியின் கீழ் பார்க்கும் சமாச்சாரம். இதயமும் சிறுநீரகமும் பலவீனமான ஒருவரின் ரத்தத்தில் 24.6 இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

சரி, பொடி. அண்ணன் யோசித்ததில் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலின் உள்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் பெக்டின் நிறைய உண்டு. அதைச் சிறு துண்டுகளாக உடைத்தால் காலக்டோஸ் முனைகள் வெளியே தெரியும். காலெக்டின்-3 செல்லைப் பிடிப்பதற்குப் பதில் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகக் கண்ணாடிக் குப்பியில் இது நடக்கிறது. மனிதரில் நடக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தமும் கூடுதலான காலெக்டின்-3-ம் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் இதே வகைப் பெக்டினைக் கொடுத்த ஒரு சிறு ஆய்வு 2021-இல் வெளியானது. ரத்தத்தில் கொலாஜன் அடையாளங்கள் குறையவில்லை. பெக்டினிலிருந்தே செய்த இன்னொரு மருந்தை, வாய் வழியாக இல்லாமல் நேராக ரத்தக் குழாயில் ஏற்றி, கொழுப்பால் கல்லீரல் சுருங்கிய 162 பேருக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. தழும்பு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. நுரையீரல் தழும்பு நோய்க்கு இதே புரதத்தைத் தடுக்கும், மூச்சோடு உள்ளிழுக்கும் ஒரு மருந்தும் 2023-இல் தோற்றது. ரத்தத்தில் நேராக ஏற்றியே வராத பலன், வாய் வழியாகக் குடலுக்குப் போகும் பொடியில் வரும் என்று அம்மாவுக்கு நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே படிந்த நாரை எந்தப் பொடியும் கரைத்து எடுத்துவிடுவதில்லை.

பலன் இல்லை, தீங்கும் இல்லை என்றால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். இந்த வகைப் பொடிகள் சிலவற்றில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் சேர்ந்தே இருக்கும். சிறுநீரகம் 36-இல் இருப்பவருக்குப் பொட்டாசியம் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. நார்ப்பொருள் பொடியை மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சேர்வதும் தாமதமாகலாம். எல்லாவற்றையும்விட, அது வீட்டுக்குள் வந்ததும் ஒரு நல்ல மாத்திரை வெளியே போய்விட்டது. அதனால் நிறுத்திவிடுங்கள்.

இனி அந்த "இரண்டாவது நீர் மாத்திரை". அம்மா நினைத்ததில் தப்பில்லை. இப்படிப் பெயர் சொல்லிப் பழக்கிவிட்ட எங்கள் மேல்தான் தப்பு. ஃப்ரூசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் இரண்டுமே நீர் மாத்திரை என்று மருந்துச் சீட்டை நீட்டும்போது நாங்களே சொல்கிறோம். ஃப்ரூசமைடு உண்மையில் நீரை இறக்கத்தான். மூச்சு, வீக்கம் குறையும், அம்மாவுக்கே தெரியும். ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராமில் நீர் அவ்வளவாகப் பிரியாது. அது எதற்கென்றால், அட்ரீனல் சுரப்பி விடும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை இதயத்தில் ஒட்டவிடாமல் தடுக்க. அந்த ஹார்மோன்தான் பலவீனமான இதயத்தில் நார் படிய வைக்கும் முக்கியத் தூண்டுகோல்களில் ஒன்று. இங்கே கொஞ்சம் கவனியுங்கள்: ஆல்டோஸ்டீரோன் அந்த நாரைப் படியவைப்பது ஒரு பகுதி காலெக்டின்-3 வழியாகத்தான். எலிகளில் ஆல்டோஸ்டீரோன் கொடுத்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் காலெக்டின்-3 கூடியது, கொலாஜனும் கூடியது. ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்துக் கொடுத்தபோது அடங்கியது. அண்ணன் எந்தப் புரதத்தைப் பிடிக்கக் கடல் கடந்து பொடி அனுப்பினாரோ, அதன் மேல் கை வைக்கும் மாத்திரை அம்மாவின் டப்பாவில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இதைப் போட்டால் ரிப்போர்ட்டில் எண் இறங்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதரில் ரத்த அளவு அசையாமலும் போகலாம். எண்ணை இறக்க நாங்கள் அதைக் கொடுப்பதில்லை. 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பம்பிங் 35-க்கு மேல் இல்லாத, நோய் முற்றிய 1,663 பேரில் பாதிப் பேருக்கு மற்ற மருந்துகளோடு ஸ்பைரோனோலாக்டோன், மீதிப் பேருக்கு மருந்து இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். சராசரி அளவு 26 மில்லிகிராம், கிட்டத்தட்ட அம்மா போடும் அதே அளவு. இரண்டு வருடத்தில் போலி மாத்திரைக்காரர்களில் 100-க்கு 46 பேர் இறந்தார்கள். ஸ்பைரோனோலாக்டோன் போட்டவர்களில் 35 பேர். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். விலை மலிவான, பழைய, பெயர் வாயில் நுழையாத ஒரு மாத்திரை. என்னிடம் வரும் குடும்பங்களில் இது நிறுத்தப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

பிறகு ஏன் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன்? அதே ஆய்வு வந்த பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் பலரும் இதை எழுதத் தொடங்கினார்கள், சரியாக ரத்தம் பார்க்காமலும் எழுதினார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரம் நோயாளிகளுக்கு 2.4 என்று இருந்தது, 2001-இல் 11 ஆனது. இந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவிடும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இன்னும் தங்கும். பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம். அதனால் பரிசோதனை முதலில். பொட்டாசியம் 5-க்குக் கீழே இருந்து, ஜி.எஃப்.ஆர் 30-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் மருத்துவர் மறுபடி தொடங்குவார். அம்மாவின் நிலையில் பாதி மாத்திரையில் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. தொடங்கிய ஒரு வாரத்தில் ஒரு தடவை, நான்காவது வாரத்தில் ஒரு தடவை பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை. இந்த இரண்டு பரிசோதனைக்கும் ஆகும் செலவு, அண்ணன் கட்டிய பேக்கேஜில் ஒரு சிறு துண்டுதான் இருக்கும். அந்தப் பேக்கேஜில் பொட்டாசியம் இருந்ததா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, இளநீர். உடம்புக்கு நல்லது என்று உறவினர்கள் வாங்கி வருவார்கள். அம்மாவுக்கு அது பொட்டாசியம். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் உப்பும் அப்படித்தான், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைப் போட்டிருப்பார்கள். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாலே நிறைய உப்பு போய்விடும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

முழங்கால் வலிக்கு அவர் கடையில் வாங்கும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் என்று எது இருந்தாலும் இன்றோடு நிறுத்துங்கள். இவை உடம்பில் நீரையும் உப்பையும் தேக்கும், கிரியேட்டினினை ஏற்றும், பொட்டாசியத்தையும் ஏற்றும். கால் வீங்கத் தொடங்கியதில் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தியதைவிட இதற்குப் பங்கு கூடுதலாக இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலி பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போடலாம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேல் பூசும் மருந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி என்று வேறு வழிகளும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், பொடி டப்பாவையும், முழங்கால் மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் சொல்வதைவிட அது எளிது. ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி, இது எதற்கு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். "நீர் மாத்திரை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "நீர் இறங்க", "இதயத்தில் நார் படியாமல் இருக்க" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுத்து படிக்கக் கண் சிரமம் என்றால் அட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

அண்ணன் மேல் கோபப்பட வேண்டாம். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது, அவருக்கு அந்த எண் கிடைத்தது. அவர் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அடுத்த முறை போன் செய்யும்போது காலெக்டின் எவ்வளவு என்று கேட்காமல், இன்றைக்கு எடை எவ்வளவு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்கட்டும். பணம் அனுப்ப ஆசைப்பட்டால், பொட்டாசியம் பார்க்க அனுப்பட்டும்.

முடிவு வந்ததும் பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டையும், மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.